ஓடைக்கு அந்தப்பக்கம் ஒரு குழாய்க்கிணறு

மெல்பனில் இன்றைக்கு எத்தனையோ தமிழர் இருக்கிறார்கள். டொக்டர், எஞ்சினியர், கணக்காளர் என்று எல்லாரும் படித்த ஆட்கள். ஆனால் சட்டசபை மெம்பர் ஒருவரை ஏற்றிக்கொண்டு, றோட்டே இல்லாத வடக்கில் மூன்று கோடைகாலம் லொறி ஓட்டின தமிழன் நான் ஒருவன்தான். பெருமைக்காகச் சொல்லவில்லை என்று எழுதினால் அது பொய். பெருமைக்குத்தான் சொல்கிறேன்.

எனக்குப் படிப்பு யாழ்ப்பாணத்தில் ஐந்தாம் வகுப்போடு சரி. கப்பலில் எஞ்சின் அறையில் எண்ணெய் விடுகிறவனாக ஏறி, மெல்பனில் இறங்கி, ஸ்பிரிங்வேலில் ஒரு தகரக் கொட்டிலில் கராஜ் போட்டேன். எழுபதுகளின் நடுவில் அந்தப் பக்கத்தில், டீசல் எஞ்சினின் சத்தத்தைக் கேட்டே வருத்தம் என்னவென்று சொல்லக்கூடியவன் நான்தான். வெள்ளைக்காரர் என் வாசலில் வரிசையில் நின்றார்கள்.

அந்த வரிசையில் ஒருநாள் நின்றவர்தான் மெம்பர். வெள்ளைக்காரர் அல்ல. இந்த மண்ணின் ஆதிக்குடி. என்னைவிட நல்ல கறுப்பு, அதனாலேயே எனக்குப் பார்த்தவுடன் பிடித்துப்போனது. நாட்டின் வடக்கு முனையில், புயலில் நொறுங்கி மறுபடி எழும்பிக்கொண்டிருந்த நகரத்தில் ஒரு சட்டசபை இருந்தது. காட்டுக்குள்ளும் கடற்கரையிலும் சிதறிக் கிடந்த தன் சனங்களின் வாக்கில் அந்தச் சபைக்குப் போனவர் அவர். தொகுதியின் ஒரு முனையிலிருந்து மற்ற முனைக்கு லொறியில் மூன்று நாள். மெல்பனுக்கு ஏதோ வேலையாக வந்தவர், பழைய ராணுவ லொறி ஒன்றை வாங்கி, திருத்துவதற்கு என்னிடம் கொண்டுவந்தார்.

"இது வடக்குக்குப் போகுமா?" என்று கேட்டார்.

"லொறி போகும். ஓட்டுகிறவன் போவானோ தெரியாது" என்றேன்.

"அப்ப நீயே ஓட்டு."

பகிடி விடுகிறார் என்று நினைத்தேன். மனுசன் பகிடி விடவில்லை. அங்கே லொறி நின்றுபோனால் திருத்த ஆள் இல்லை, கோடை முடியும்வரைக்கும் வா, மாரிக்குத் திரும்பிவிடலாம் என்றார். மாரி தொடங்கினால் அங்கே எந்த வாகனமும் அசையாதாம். எனக்கு அன்று இரவு நித்திரையே வரவில்லை. கராஜை ஒரு கிரேக்கனிடம் பார்க்கக் கொடுத்துவிட்டு வெளிக்கிட்டேன்.

கிளேட்டன் யூனிவர்சிட்டியில் படித்துக்கொண்டிருந்த எங்கட பெடியள் விழுந்து விழுந்து சிரித்தாங்கள்.

"அண்ணை, வடக்கில எம்.பி.க்கு வேலை செய்யப் போறியளாம்? பருத்தித்துறைக்கோ, காங்கேசன்துறைக்கோ?"

"இஞ்சத்தை வடக்கடா. நீங்கள் புத்தகத்தில படிக்கிற நாட்டை நான் லொறிச் சில்லால படிச்சுப்போட்டு வாறன்" என்றேன்.

என் மனுசி ஒரு பெட்டியில் அரிசி, கறித்தூள், சாம்பிராணி, கற்பூரம் எல்லாம் கட்டித் தந்தாள். லொறிக்கு மேல் நான் என் பங்குக்கு ஒரு லவுட்ஸ்பீக்கர் பூட்டினேன். மெம்பர் கேட்கவில்லை. ஆனால் அரசியல்வாதியின் வாகனத்தில் லவுட்ஸ்பீக்கர் இல்லையென்றால் அது என்ன வாகனம்?

வடக்கில் மெம்பர் வேலை செய்கிற விதம் எனக்கு முதலில் பிடிபடவில்லை. ஓர் ஊருக்குப் போனால் நேரே உள்ளே போகமாட்டார். ஊர் கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் லொறியை நிறுத்தச் சொல்வார். இறங்கிப்போய் ஒரு மர நிழலில் இருப்பார். அவ்வளவுதான். ஊரிலிருந்து யாராவது எழும்பி வரும்வரைக்கும் அந்த இருப்பு. ஒரு மணித்தியாலமும் ஆகும், அரைநாளும் ஆகும்.

"எங்கட ஊரில எம்.பி. வந்தா வெடி கொளுத்தி மாலை போடுவாங்கள்" என்று நான் பொருமினேன். "நீங்கள் என்னடா என்றால் பிச்சைக்காரன் மாதிரி வெளியில குந்திக்கொண்டு இருக்கிறியள்."

"இது அவையின்ர வீடு, தம்பி. கதவு உன்ர கண்ணுக்குத் தெரியேல்லை, அவ்வளவுதான்" என்றார்.

அவர் பேசியது ஆங்கிலம். நான் அதை எனக்குக் கேட்ட மாதிரித்தான் எழுதுகிறேன். தம்பி என்றது மட்டும் உண்மையாகவே தம்பிதான். அங்கே உறவுமுறை இல்லாத மனிதனோடு எப்படிக் கதைப்பது என்று யாருக்கும் தெரியாது. அதனால் முதல் கிழமையே என்னைத் தன் தம்பியாகச் சேர்த்துவிட்டார். அந்த ஒரு சொல்லோடு எனக்கு நூறு மைலுக்கு ஒரு மாமன், மச்சான் கிடைத்தார்கள். முறை விஷயம் யாழ்ப்பாணத்தானுக்குச் சொல்லியா தரவேண்டும்? நான் இரண்டே நாளில் பிடித்துக்கொண்டேன்.

அப்படிக் கிடைத்த ஒரு மாமன்தான் ஓடைக்கரைக் கிழவர். பெரிய குடியேற்றத்தில் அரசாங்கம் கொண்டுபோய் வைத்திருந்த இடத்தைவிட்டு, பத்துப் பன்னிரண்டு குடும்பங்களோடு தன் சொந்த நிலத்துக்குத் திரும்பி வந்து, ஓர் ஓடைக்கரையில் இருந்தார். கோடை நடுவில் அந்த ஓடை வற்றிவிடும். பிறகு சேற்றைத் தோண்டித்தான் குடிக்க வேண்டும். ஒரு குழாய்க்கிணறு வேண்டும் என்று கேட்டார்கள். அரசாங்கக் கந்தோர்க்காரர் சொன்ன பதில், "நீங்கள் அங்கே நிரந்தரமாக இல்லையே, தண்ணீர் வற்றினால் குடியேற்றத்துக்கு வந்துவிடுவீர்களே" என்பது. தண்ணீர் இல்லாததால் போகவேண்டி வரும், போவதால் தண்ணீர் கிடையாது. எப்படி இருக்கிறது கதை?

கிழவர் மெம்பரிடம் சொன்னார்: "நாங்கள் போகமாட்டம். இதைப் போய்ச் சொல்லு." மெம்பர் சட்டசபையில் எழுந்து, கிழவரின் பெயரைச் சொல்லி, அந்தச் சொல்லை அப்படியே சொன்னார். அடுத்த கோடையிலும் அவர்கள் அங்கேயே இருக்கிறார்களா பார்ப்போம், இருந்தால் கிணறு என்று அரசாங்கப் பக்கம் பதில் தந்தது.

கிழவருக்கு என் லவுட்ஸ்பீக்கரில் உயிர். மைக்கைப் பிடித்து இருமுவார், பாடுவார், தன் தம்பியை ஏசுவார், பிறகு தன் குரல் திரும்பி வருவதைக் கேட்டு வயிற்றைப் பிடித்துச் சிரிப்பார். லொறியின் பொனற்றில், எஞ்சின் மூடிக்கு மேல், ஏறி ராசா மாதிரி இருந்தபோது ஒரு படம் எடுத்தேன். மாரிக்கு மெல்பன் திரும்பியதும் அதைப் பெரிதாக்கி, தங்க நிறச் சட்டம் போட்டேன். என் கராஜுக்குள் அதைப் பார்த்து நான் அடைந்த சந்தோசம்! இதைக் கையில் கொடுக்கும்போது மாமன் என்ன சிரிப்புச் சிரிப்பார் என்று நினைத்து நினைத்து, அடுத்த கோடைக்கு நாள் எண்ணிக்கொண்டிருந்தேன்.

அடுத்த கோடை வந்தது. செவ்வாய்க்கிழமை சட்டசபை கூடுகிறது, கிணற்றுக்கு முடிவு அன்றைக்கு. ஓடைக்கரையிலிருந்து நகரத்துக்கு ஒன்றரை நாள் ஓட்டம். நாங்கள் வெள்ளி காலை போய்ச் சேர்ந்தோம். ஊரில் ஒரு குஞ்சு இல்லை. குடிசைகள் வெறுமை, அடுப்புகள் சாம்பல். வற்றின ஓடைக்கு அந்தப்பக்கம், தூரத்தில், புகை தெரிந்தது.

தகர வாளியோடு வந்த ஒரு பெண் மெம்பரோடு குசுகுசு என்று கதைத்துவிட்டுப் போனாள். மெம்பர் என்னிடம் திரும்பினார்.

"மாமா முடிஞ்சார். பத்து நாள் ஆகுது. சனம் இடம் மாறிப் போட்டுது. கந்தோர்க்காரன் சின்னப் பிளேனில மேலால பறந்து பார்த்து, ஊர் வெறுமை என்று எழுதிக்கொண்டு போட்டானாம். நான் போய் மரத்தடியில இருக்கிறன். நீ லொறியடியில சும்மா இரு. ஒன்றும் செய்யாதை."

அவர் போய்விட்டார். செத்த வீட்டில் துக்கக்காரர் ஒன்றும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம் என்றுதான் சொல்வார்கள். எடுத்துச் செய்யவேண்டியது பக்கத்தில் நிற்கிறவன்தானே? அதுவும் நான் மருமகன் முறை. படத்தை எடுத்துத் துடைத்தேன். மஞ்சள் பூ பூத்து நின்ற ஒரு மரத்தில் கொத்துக் கொத்தாக முறித்து, கம்பியில் கோர்த்து, மாலை கட்டினேன். படத்தைப் பொனற்றில், அவர் இருந்த அதே இடத்தில் வைத்தேன். கற்பூரம் கொளுத்தினேன். பிறகு மைக்கைக் கையில் எடுத்தேன். எங்கள் ஊரில் ஒரு பெரிய மனிதர் போனால் கார் பிடித்து ஊர் ஊராக அறிவித்தல் சொல்வார்கள். அதற்குக் குறைவாக என் மாமனுக்கு நான் செய்வேனா? அவருடைய முழுப் பெயரையும், என் முழுக் குரலில், மூன்று தரம் சொன்னேன்.

அக்கரையில் ஓர் ஓலம் எழும்பியது. நான் எங்கள் ஒப்பாரி மாதிரி என்றுதான் நினைத்தேன். சரியாகத்தான் செய்திருக்கிறோம் என்றுகூட நினைத்தேன். அதற்குள் மெம்பர் ஓடி வந்தார். அந்த மனுசன் ஓடி நான் பார்த்தது அந்த ஒருதரம்தான். மைக்கின் வயரைப் பிடித்து இழுத்தார். தன் சட்டையைக் கழற்றிப் படத்தை மூடினார்.

"என்ன செய்தனி?" என்றார். கத்தவில்லை. அதுதான் இன்னும் மோசம்.

அங்கே இறந்தவரின் பெயரை யாரும் சொல்லக்கூடாது. முகத்தைக் காட்டக்கூடாது. அவர் இருந்த இடத்தில் தங்கக்கூடாது. போகிறவர் திரும்பிப் பார்க்காமல் போகவேண்டும், பெயர் சொல்லிக் கூப்பிட்டால் போகமாட்டார். அதற்காகத்தான் சனம் ஓடையைத் தாண்டி இருந்தது. நானோ அவரைத் தங்கச் சட்டத்தில் வைத்து, மாலை போட்டு, லவுட்ஸ்பீக்கரில் மூன்று தரம் கூப்பிட்டிருக்கிறேன்.

அக்கரைப் புகை அணைந்தது. சனம் இன்னும் தூரம் போய்விட்டது.

"இப்ப என்ன செய்யிறது?" என்றேன்.

"இருக்கிறது" என்றார் மெம்பர். "அவை வந்து சொல்லாமல் நான் அங்க போய் என்னத்தைச் சொல்லுறது? கிணறு எங்க வேணும், ஆர் கேக்கினம், ஒன்றும் தெரியாது. வெறும் வாயோட போனா, ஊர் வெறுமை என்று எழுதினவன் வென்றிடுவான்."

"நான் பார்த்ததை நான் வந்து சொல்லுறன்."

"போதும், நீ இண்டைக்குச் சொன்னது காணும்."

என் வாழ்க்கையில் இரண்டு நாள் வாயைத் திறக்காமல் இருந்தது, அந்த வெள்ளி மத்தியானத்திலிருந்து ஞாயிறு விடியும்வரைக்கும்தான். லவுட்ஸ்பீக்கரைக் கழற்றி, கண்ணில் படாமல் லொறிக்குப் பின்னால் வைத்தேன். படத்தை என் வேட்டியில் சுற்றிக் கட்டினேன். சாம்பிராணிகூடப் போடப் பயமாக இருந்தது. மெம்பர் மரத்தடியைவிட்டு அசையவில்லை. ஞாயிறு மத்தியானத்துக்குள் வெளிக்கிடாவிட்டால் சபைக்குப் போய்ச் சேரமுடியாது என்பது இரண்டு பேருக்கும் தெரியும்.

ஞாயிறு விடியக் கிழவரின் தம்பி ஓடையைத் தாண்டி வந்தார். மெல்லிய, நரைத்த மனிதர். மெம்பருக்குப் பக்கத்தில் நெடுநேரம் பேசாமல் இருந்தார். நான் வேட்டிப் பொட்டலத்தை இரண்டு கையாலும் கொண்டுபோய், முகம் கீழே பார்க்க, அவர் முன்னால் வைத்தேன். மன்னிப்புக் கேட்க எனக்கு அந்தப் பாஷையில் சொல் தெரியாது. நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"ஏன் இப்படிச் செய்தவன்?" என்று அவர் மெம்பரிடம், எனக்கும் விளங்கட்டும் என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

"அவன்ர ஊரில செத்த ஆக்களைப் படம் வைச்சுக் கும்பிடுவினம். பெயர் சொல்லிக் கூப்பிட்டுச் சோறும் வைப்பினம்."

"எல்லாரையுமோ?"

"எல்லாரையும்" என்றேன் நான். "பாட்டன், பூட்டன், எல்லாரையும். வருசா வருசம்."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அப்ப உன்ர ஊரில நடக்க இடம் இராதே" என்றார். "அதுதான் இஞ்ச வந்தனியோ?"

மெம்பர் வேறு பக்கம் திரும்பித் தோள் குலுங்கச் சிரித்தார். எனக்குச் சிரிப்பதா அழுவதா தெரியவில்லை. இரண்டும் செய்தேன்.

பிறகுதான் வேலை தொடங்கியது. அக்கரையிலிருந்து இன்னும் சிலர் வந்து, போனவர் அதில் தங்காமல் போக லொறிக்குப் புகை போடவேண்டும் என்றார்கள். கிழவர் இருந்த பொனற், அவர் பிடித்த மைக், எல்லாவற்றுக்கும். பச்சை இலையைக் குவித்து நெருப்பு வைத்தார்கள், நேரே லொறிக்குக் கீழே. "ஐயோ, எண்ணெய்த் தாங்கி!" என்று நான் பாய்ந்தேன். கிழவரின் தம்பிக்காரர் மெம்பரிடம், "இவன் இன்னும் கத்துறான்" என்றார். கடைசியில் நானே நெருப்பைத் தாங்கியிலிருந்து நான்கடி தள்ளிவைத்து, ஒரு தகரத்தால் விசிறி, புகை எஞ்சினுக்குள்ளும் ஆசனங்களுக்குள்ளும் போகிற மாதிரிச் செய்து கொடுத்தேன். அதுபோல ஒழுங்காகப் புகை போட்ட வாகனம் அந்த வடக்கிலேயே இராது. அவர்களே ஒத்துக்கொண்டார்கள்.

அதற்குப் பிறகு அவர் மணலில் விரலால் ஓடையைக் கீறினார். இந்தப்பக்கம் ஒரு குழி, அந்தப்பக்கம் ஒரு குழி. "இரண்டும் எங்கட. அவருக்காக இப்ப அங்க இருக்கிறம். காலம் போக இஞ்ச வருவம். கிணத்தை அங்க போடு, இரண்டு பக்கத்துக்கும் காணும். நாங்கள் இருக்கிறம் என்று சொல்லு." கொஞ்சம் பொறுத்து, "அவரைச் சொல்லாதை" என்றார்.

ஞாயிறு பத்து மணிக்கு வெளிக்கிட்டோம். அந்தப் பாதையை அந்த வேகத்தில் ஓட்ட இன்னொருவன் பிறக்கவேண்டும். செவ்வாய் காலை, தூசு படிந்த முகத்தோடு மெம்பர் சபைக்குள் போனார். நான் பார்வையாளர் மாடத்தில் முன் வரிசையில் இருந்தேன். என் சட்டையில் இன்னும் புகை மணம்.

அரசாங்கப் பக்கத்தில் ஒரு பெரிய வயிற்றுக்காரர் எழும்பினார். கையில் கந்தோர்க்காரனின் கடுதாசி.

"அந்த இடம் வெறுமை என்று அறிக்கை சொல்கிறது. போனமுறை கௌரவ மெம்பர் ஒரு கிழவரின் பெயரைச் சொல்லி, அவர் போகமாட்டார் என்றார். அவர் எங்கே? இன்றைக்கு அங்கே யார் இருக்கிறார்கள்? அந்தக் கிழவரின் பெயரை இன்னொருதரம் சொல்லட்டும், கேட்போம்."

மெம்பர் எழும்பினார். பேசவில்லை. சபை முழுக்க அவரைப் பார்த்தது. வயிற்றுக்காரர், "பெயர் மறந்துபோச்சோ?" என்றார். சிலர் சிரித்தார்கள்.

என் நாக்கின் நுனியில் அந்தப் பெயர் நின்றது. எனக்கா மறக்கும்? மாடத்திலிருந்து ஒருதரம் கத்தினால் அந்த மண்டபம் அதிரும், அந்த மனுசனின் சிரிப்பும் நிற்கும். என் கால் எழும்பிக்கூட விட்டது. இரண்டு கையாலும் முன்னால் இருந்த கம்பியைப் பிடித்துக்கொண்டு மறுபடி இருந்தேன். நான் செய்த வேலைகளில் மிகப் பாரமானது எது என்று யாராவது கேட்டால், எஞ்சின் தூக்கினதைச் சொல்லமாட்டேன், அந்த இருப்பைத்தான் சொல்வேன்.

மெம்பர் பேசினார். மெதுவாகத்தான்.

"மறக்கவில்லை. சொல்லமாட்டேன். அவர் காலமாகிவிட்டார். எங்கள் சனத்தில் ஒருவர் போனால் நாங்கள் அந்த இடத்தைவிட்டு ஒதுங்குவோம். பிளேனில் போனவர் கீழே பார்த்தது வெறும் ஊர் அல்ல, துக்க வீடு. ஓடைக்கு அந்தப்பக்கம் பார்த்திருந்தால் புகை தெரிந்திருக்கும். எல்லாரும் இருக்கிறார்கள். உங்கள் வீட்டில் ஒருவர் போய், நீங்கள் கதவைச் சாத்தினால், வீடு வெறுமை என்று நான் எழுதுவேனா?"

வயிற்றுக்காரர் கடுதாசியை மடித்தார். சிரித்தவர்கள் மேசையைப் பார்த்தார்கள். கொஞ்சநேரம் அரசாங்கப் பக்கத்தில் தலைகள் ஒன்றோடொன்று முட்டிக் கதைத்தன. பிறகு பொறுப்பானவர் எழும்பி, மாரிக்கு முன்னம் துளை போடும் இயந்திரம் போகும் என்றார். "எந்தப் பக்கத்துக்கு?" என்று கேட்டார். மெம்பர், "அந்தப்பக்கத்துக்கு" என்றார். நான் மாடத்தில் எழும்பிக் கைதட்டினேன். காவலாளி வந்து என்னை வெளியே கொண்டுபோய் விட்டான். போனால் போகட்டும், வெளியிலும் நின்று தட்டினேன்.

இயந்திரம் போன அன்று நாங்களும் போனோம். சொன்னால் நம்பமாட்டீர்கள், அந்த இயந்திரத்தின் எஞ்சின் பாதியில் நின்றது, திருத்தினது யார் என்று நான் சொல்லத் தேவையில்லை. பின்னேரம் குழாயிலிருந்து முதலில் காற்று வந்தது, பிறகு செம்மண் சேறு, பிறகு தண்ணீர். சனம் எல்லாம் நனைந்துகொண்டு ஓடித்திரிந்தது. தம்பிக்காரர் லொறிக்குப் பின்னால் போய், சாக்குக்குக் கீழே கிடந்த லவுட்ஸ்பீக்கரை இழுத்து எடுத்து, மைக்கை என் கையில் வைத்தார்.

நான் மெம்பரைப் பார்த்தேன். அவர், "உன்னைத்தான் கேக்கிறார், கத்து" என்றார்.

"என்னத்தை?"

"என்னவெண்டாலும்."

வயரைப் பூட்டி, அந்த இரண்டு நாளும் அடக்கி வைத்திருந்த மூச்செல்லாம் சேர்த்து, தமிழிலேயே கத்தினேன்: "தண்ணி வந்திட்டுது! தண்ணி வந்திட்டுது!" சனம் அதை அப்படியே திருப்பிக் கத்தியது, அர்த்தம் தெரியாமலே, சின்னன் பெரிசு எல்லாம், என்னைவிடச் சத்தமாக. ஓடையின் இரண்டு கரையும் தமிழில் அதிர்ந்தன.

தம்பிக்காரர் என் காதுக்குக் கிட்ட வந்தார். "நல்லாக் கத்துறாய். ஆனா உன்ர பாட்டன் பூட்டனைக் கூப்பிட்டுடாதை" என்றார். "தண்ணி எங்களுக்கு மட்டும்தான் காணும்."